ஒலிக்காத மீட்டு

புறநானூற்றின் 152ஆம் பாட்டு ஒரு வேட்டைக் காட்சி. வேட்டுவன் ஒருவன் எய்த ஒரே அம்பு யானையை வீழ்த்துகிறது. புலி, மான், பன்றி என்று ஊடுருவிப்போய்க் கடைசியில் புற்றிலிருந்த உடும்பின் மேல் தைக்கிறது. பார்த்துக்கொண்டிருந்த வன்பரணருக்கு, இவன் கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியாக இருப்பானோ என்று ஐயம். ஓரியோ, வேறு எவனோ, பாடிவிடுவோம் என்று தம் குழுவைக் கூட்டுகிறார். வில்லாண்மைக்காகவே எல்லோரும் எடுத்துச்சொல்லும் பாட்டு இது. ஆடி மாதம் கொல்லிமலைச் செம்மேட்டில் நடக்கும் வல்வில் ஓரி விழாவிலும் அந்த அம்புதான் பேச்சு. எனக்குப் பிடித்தது அம்புக்கு அடுத்து வரும் சில வரிகள். முழவில் மண் பூசி ஆயத்தம் செய்யச் சொல்கிறார் புலவர். யாழில் பண் அமைக்கச் சொல்கிறார். தூம்பு, எல்லரி, ஆகுளி எல்லாவற்றையும் எடுக்கச் சொல்கிறார். பதலை என்ற தோற்கருவிக்கு மட்டும் ஒரு தனிக் குறிப்பு தருகிறார்: ஒரு முகத்தை மட்டும், மெல்ல இயக்க வேண்டும்.

ஏன் மெல்ல? தாளக்காரருக்கான கட்டளையாகவே அதை நான் படிக்கிறேன். மற்ற எல்லோரும் தாளத்தின் மேல் விளையாடப் போகிறார்கள். யாராவது ஒருவர் அடியில் அதைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அவர் அடிப்பது ஓங்கிக் கேட்க வேண்டியதில்லை, நிற்காமல் இருந்தால் போதும்.

குழுவில் அந்த வேலைக்கு ஓர் ஆள் இருக்கிறார். தனியாக உட்கார்ந்து வீணையோ மாண்டலினோ மீட்டுகிறவருக்கு யார் இருக்கிறார்கள்? தட்டு விழும் இடத்தில் அழுத்தம் கொடுத்து வாசிக்கும்வரை இந்தக் கேள்வி எழாது. தட்டைத் தள்ளி, இரண்டு தட்டுக்கு நடுவே எங்கோ அழுத்தம் விழும்படி வாசிக்க வேண்டிவந்தால்தான் சிக்கல். மேற்கத்திய இசையில் சிங்கோபேஷன் என்கிறார்கள். நம் இசையில் அரை இடத்து எடுப்பு, ஒன்றரை இடத்து எடுப்பு, தகிட தகிட தக என்று கணக்கைக் குறுக்கே ஓடவிடுவது எல்லாம் அந்தக் குடும்பம்தான். வில் போட்டு வாசிக்கும் பிடில் மெட்டுகளை மீட்டி வாசிக்க முயன்றவர்கள் எல்லோரும் இந்தச் சிக்கலில் மாட்டியிருக்கிறார்கள். அதிலிருந்து வெளிவரும் வழி, ஒலிக்கிற மீட்டுகளில் இல்லை. ஒலிக்காத மீட்டுகளில் இருக்கிறது.

பிடில் மெட்டுக்கும் தமிழ்நாட்டுக்கும் என்ன உறவு என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கதை. முத்துசாமி தீட்சிதரின் குடும்பம் சென்னையை அடுத்த மணலியில், அவ்வூர் முதலியார் ஒருவரின் ஆதரவில் தங்கியிருந்த காலத்தில், ஜார்ஜ் கோட்டை பேண்டு வாசித்த ஐரோப்பிய மெட்டுகள் அவர் காதில் விழுந்தன. தம்பி பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலினே கற்றுக்கொண்டார். கர்நாடக இசைக்குள் அந்தக் கருவி வந்த முக்கியமான வழி அதுதான். அண்ணன் அந்த மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரங்கள் என்று இன்று பாடப்படும் சுமார் 40 உருப்படிகள் அவை. ‘சந்ததம் பாஹிமாம்’ என்பது இங்கிலாந்து மன்னரை வாழ்த்தும் பாட்டின் மெட்டு. ‘ஜகதீச குருகுஹ’ என்பது ‘லார்டு மெக்டொனால்ட்ஸ் ரீல்’ என்ற ஸ்காட்லாந்து பிடில் மெட்டு, நடனத்துக்கு வாசிக்கும் அசல் ரீல். தீட்சிதர் வீணைக்காரர் என்பதை இங்கே மறக்கக்கூடாது. வில்லில் பிறந்த மெட்டு அவர் வழியாக மீட்டும் விரலுக்கு வந்தது. இன்றும் வீணை கற்கும் குழந்தைகளுக்கு ஆரம்பத்திலேயே நோட்டுஸ்வரம் சொல்லிக்கொடுக்கிறார்கள். கமகம் இல்லை, சங்கராபரண ஸ்வரங்கள், எளிது என்கிறார்கள். இடது கைக்கு எளிதுதான். வலது கையைக் கேட்டால் வேறு சொல்லும்.

காரணம் பௌதிகத்தில் இருக்கிறது. வில்லை இழுக்கும்போது தந்தியில் ஒலி உடனே நிலைபெறுவதில்லை. வில்லின் மயிர் தந்தியைப் பிடித்து, நழுவவிட்டு, மறுபடி பிடித்து, ஒழுங்கான அதிர்வுக்கு வருவதற்குள் சில பத்து மில்லி விநாடிகள் ஆகலாம். நார்வேயின் க்னூட் கெட்லரும் சுவீடனின் ஆண்டர்ஸ் ஆஸ்கன்ஃபெல்ட்டும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், இந்தத் தடுமாற்றம் சுமார் 50 மில்லி விநாடிவரை நீண்டாலும் வயலின்காரர்களின் காது அதை ஏற்றுக்கொண்டது. மீட்டிய தந்தியோ விரல் விட்ட கணத்திலேயே ஒலித்துவிடும். உச்ச ஒலி அப்போதே வந்துவிடுகிறது; பிறகு தேய்வு மட்டும்தான்.

இதை மெட்டின் வேகத்தோடு வைத்துப் பாருங்கள். நடனத்துக்கு வாசிக்கும் ரீல் நிமிடத்துக்கு 120 தட்டு போகும் என்று வைத்துக்கொள்வோம். தட்டுக்கு நான்கு ஸ்வரம். விநாடிக்கு எட்டு ஸ்வரம். ஒவ்வொன்றுக்கும் 125 மில்லி விநாடி. அதற்குள் 20 மில்லி விநாடி பிசகினால் பிடிலின் மெல்லிய தொடக்கம் கொஞ்சம் மறைத்துவிடும். மீட்டில் பிசகு அப்பட்டமாகக் கேட்கும்.

இரண்டாவது வேறுபாடு இதைவிடப் பெரியது. பிடில்காரர் ஒரே வில்லிழுப்பில் மூன்று நான்கு ஸ்வரங்களைக் கோத்துவிடுவார். வில் திசை மாறும் இடத்தில் தானாக ஓர் அழுத்தம் விழும். எனவே தட்டைத் தாண்டி வில்லை இழுத்து, தட்டுக்கு முன்னாலோ பின்னாலோ திசை மாற்றினால், அழுத்தம் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். அமெரிக்க பிடில்காரர்கள் ஷஃபிள் என்று சொல்லும் வில்லடவுகள் எல்லாம் இந்த வித்தைதான். மீட்டுகிறவருக்கு ஒவ்வொரு ஸ்வரமும் புதிதாகப் பிறக்கிறது. எட்டும் ஒரே மாதிரி விழுந்தால் தையல் இயந்திரம் ஓடும் சத்தம்தான் கேட்கும். வில்லுக்கு இயல்பாக வருவதை இவர் திட்டமிட்டுச் செய்ய வேண்டும்.

அமெரிக்காவில் இதைச் செய்துகாட்டிய பெரியவர்கள் உண்டு. கென்டக்கியில் பில் மன்றோ என்ற மாண்டலின்காரர், பிடில் வாசித்த தம் மாமா பென் வாண்டிவரிடமிருந்து மெட்டுகளை எடுத்துக்கொண்டார். ஆர்னால்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞரிடமிருந்து தாளத்தின் தள்ளாட்டத்தை எடுத்துக்கொண்டார். வட கரோலினாவில் டாக் வாட்சன், பார்வையற்றவர், 1950களில் ஒரு நடனக் குழுவில் கிதார் வாசித்தார். அந்தக் குழுவில் பிடில்காரர் கிடையாது. ஆடவந்தவர்களோ பிடில் மெட்டு கேட்டார்கள். வேறு வழியில்லாமல் அவற்றை பிளெக்ட்ரம் என்ற மீட்டுத் தகட்டால் கிதாரில் வாசிக்கப் பழகினார். வயிற்றுப்பாட்டுக்காகப் பிறந்த அந்தப் பழக்கம் பிறகு ஒரு வாசிப்பு மரபாகவே நிலைத்துவிட்டது. 

பிடில் மெட்டுகளுக்கு மாண்டலின் பொருந்துவதற்கும் காரணம் உண்டு. அதன் நான்கு ஜோடித் தந்திகளின் சுருதி அமைப்பு பிடிலுடையதேதான். இடது கை விரல்கள் மாற வேண்டியதில்லை. பாரமெல்லாம் வலது கையில்.

இனி கணக்குக்கு வருவோம். உலகமெங்கும் கேட்கும் ஒரு தாள உரு: மூன்று, மூன்று, இரண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து கடல் கடந்து கியூபாவுக்குப் போனது, அமெரிக்க பிடிலுக்குள்ளும் புகுந்தது. நமக்கு அது தகிட தகிட தக. கொன்னக்கோல் தெரிந்த பத்து வயதுக் குழந்தை தூக்கத்தில் சொல்லும். சரளி வரிசையின் முதல் வரியை எடுத்துக்கொள்ளுங்கள்: ஸ ரி க ம ப த நி ஸ. மூன்றாம் காலத்தில் தட்டுக்கு நான்கு ஸ்வரம். எனவே எட்டும் இரண்டு தட்டுக்குள் அடங்கும். முதல் தட்டு ஸவில், இரண்டாவது பவில். தகிட தகிட தக என்று அழுத்தினால் அழுத்தங்கள் ஸ, ம, நி ஆகிய மூன்றில் விழும். ஸ தட்டின் மேலேயே இருக்கிறது, பிரச்சினை இல்லை. நி தட்டின் பாதியில் இருக்கிறது, அதையும் சமாளிக்கலாம். ம இருக்கிறதே, அது அடுத்த தட்டுக்கு ஒரே ஒரு ஸ்வரம் முன்னால். தட்டு வருவதற்கு 125 மில்லி விநாடிக்கு முன் முந்திக்கொண்டு விழும் அழுத்தம். மெட்டுக்குத் துள்ளல் தருவதும் அதுதான், கையைக் கவிழ்ப்பதும் அதுதான்.

பிளெக்ட்ரம் பிடித்தவர் பொதுவாகக் கீழ்நோக்கி ஒன்று, மேல்நோக்கி ஒன்று என்று மாற்றி மாற்றி மீட்டுவார். ஸ கீழ், ரி மேல், க கீழ், ம மேல். ஆக, மூன்று அழுத்தங்களில் மிகக் கடினமானது சரியாக மேல்மீட்டில் வந்து மாட்டுகிறது. பழகாத கையில் மேல்மீட்டு எப்போதும் கீழ்மீட்டைவிட மெலிவு. வீணையில் மேல், கீழ் கிடையாது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி மீட்டுகின்றன. ஆனால் எண்ணிப் பாருங்கள்: ஸ ஆள்காட்டி, ம நடுவிரல், நி மறுபடி ஆள்காட்டி. சிக்கல் விரல் மாறி வந்திருக்கிறது, அவ்வளவே.

இங்கே எல்லோருக்கும் தோன்றும் குறுக்கு வழி, மவையும் கீழ்மீட்டாகவே அடித்துவிடுவது. முதல் நாள் அது வேலை செய்வது போலத் தெரியும். மெதுவான வேகத்தில் நன்றாகவே கேட்கும். வேகம் ஏற ஏறக் குலையும். ஏன் என்பதை விளக்க, இசையோடு நேரடித் தொடர்பில்லாத இரண்டு சோதனைகள் உதவுகின்றன.

முதலாவது 1990இல் அமெரிக்காவில் ஸ்காட் கெல்சோவும் சக ஆய்வாளர்களும் செய்தது. மெட்ரோனோம் தட்டுகிறது, இரண்டு தட்டுக்கு நடுவே விரலை மடக்க வேண்டும். மெதுவாக இருக்கும்வரை எல்லோராலும் முடிந்தது. விநாடிக்கு சுமார் இரண்டு தட்டை நெருங்கியதும் விரல் தானாகவே சறுக்கித் தட்டோடு சேர்ந்துகொண்டது. மனம் ‘நடுவே’ என்கிறது, விரல் ‘கூடவே’ என்கிறது. விநாடிக்கு இரண்டு என்றால் நிமிடத்துக்கு 120, நம் ரீலின் வேகமேதான். தட்டைக் கேட்டு, அது போன பிறகு இடைவெளியைக் குறிபார்த்து அடிப்பது என்ற உத்தி அந்த வேகத்தில் கைவிட்டுவிடும்.

இரண்டாவது 2003இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. ரெபெக்கா ஸ்பென்சர், ஹவர்ட் செலஸ்னிக், ரிச்சர்ட் ஐவ்ரி ஆகியோரின் குழு செய்த ஆய்வு. சிறுமூளை பாதிக்கப்பட்டவர்களைச் சீரான இடைவெளியில் வட்டம் வரையச் சொன்னார்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் இடையே நிறுத்தி நிறுத்தி வரைந்தபோது அவர்களின் கால அளவு தடுமாறியது. நிறுத்தாமல் வட்டத்தின் மேல் வட்டமாகச் சுழற்றியபோது அந்தத் தடுமாற்றம் இல்லை. இதிலிருந்து அவர்கள் எடுத்த முடிவு: விட்டு விட்டுச் செய்யும் அசைவுக்கு, ஒவ்வொரு முறையும் ‘இப்போது’ என்று கட்டளையிடும் ஒரு கடிகாரம் மூளையில் தேவைப்படுகிறது. தொடர் அசைவுக்கு அது தேவையில்லை. அசைவின் ஓட்டத்திலிருந்தே காலம் பிறந்துவிடுகிறது. இசைக்கலைஞர்களை வைத்துச் செய்த சோதனை அல்ல இது. ஆனாலும் மீட்டும் கையைப் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதாக நான் படித்ததில்லை.

ஊஞ்சலில் ஆடுகிறவர் தாழ்ந்து வரும்போது காலால் தரையைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் ஆட்டம் நிற்பதில்லை. மீட்டும் கையும் அப்படி ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். எட்டு ஸ்வரத்துக்கு நான்கு முறை கீழே, நான்கு முறை மேலே. ஒலி வேண்டிய இடத்தில் பிளெக்ட்ரம் தந்தியைத் தொடட்டும். வேண்டாத இடத்தில் தந்திக்கு மேலே காற்றில் போகட்டும். அசைவு மட்டும் மாறக்கூடாது. ம எப்போது வரும் என்று அந்தக் கை காத்திருப்பதில்லை. நான்காவது அசைவு மேல்நோக்கி வந்தே தீரும், அங்கே தந்தியைத் தொட்டால் ம ஒலிக்கும். கெல்சோவின் விரல் செய்யத் திணறிய வேலை இந்தக் கைக்கு வேலையே இல்லை. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: ஊசலாடும் எதுவும் இரு முனைகளிலும் ஒரு கணம் நிற்கிறது, நடுவில்தான் வேகம் மிகுதி. தந்தி அந்த நடுவில் இருக்க வேண்டும். கையை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்திருப்பவர்களுக்கு மேல்மீட்டு வேகம் கூடுவதற்கு முன்பே தந்தியில் மோதிவிடுகிறது. அதனால்தான் அது மெலிகிறது. பல நேரங்களில் இது தசையின் குறையே இல்லை, வைத்த இடத்தின் குறை.

குறுக்கு வழிக்குத் திரும்பினால் அது ஏன் தோற்கிறது என்று இப்போது தெரியும். கவைக் கீழ்நோக்கி மீட்டி, மவையும் கீழ்நோக்கி மீட்ட வேண்டுமென்றால், நடுவே கை ஓசையின்றி மேலே வந்தாக வேண்டும். அந்த ஒரு ஏற்றத்துக்குக் கையின் ஓட்டம் இரட்டிப்பாகிறது, அதன்பின் பழைய வேகத்துக்கு இறங்குகிறது. ஊசல் அறுந்து, கடிகாரம் தேவைப்படும் அசைவாகிவிடுகிறது.

கர்நாடக இசை ஆசிரியர்கள் மூளை ஆய்வு எதையும் படித்துவிட்டு இதைச் செய்யவில்லை. ஆனால் பாட்டு எவ்வளவு சிக்கலாக இருந்தாலும் தாளம் போடும் கை நிற்கக்கூடாது என்பதில் அவர்கள் கறாரானவர்கள். பாடத் தவறினாலும் மன்னிப்பார்கள், கை நின்றால் விடமாட்டார்கள். ஒன்றரை இடத்து எடுப்பில் பாட்டுத் தொடங்கும்போது முதல் தட்டில் குரல் இல்லை, கை இருக்கிறது. அந்தக் கைதான் குரலுக்குக் காற்றில் போகும் மீட்டு.

வீணையில் இந்த ஏற்பாடு கருவிக்குள்ளேயே வந்துவிட்டது. தஞ்சாவூர் வீணையின் ஏழு தந்திகளில் நான்கு வாசிப்புக்கு. மற்ற மூன்றும் பக்கவாட்டில் ஓடும் தாளத் தந்திகள். மேளத்துக்குரிய வேலை சுண்டுவிரலுக்கு. ஆள்காட்டியும் நடுவிரலும் தட்டைத் தள்ளி என்ன வாசித்தாலும், சுண்டுவிரல் இடத்துக்கு இடம் தாளத் தந்தியைத் தொட்டுச் சுருதியையும் காலப்பிரமாணத்தையும் நினைவூட்டும். ஒருமுகப் பதலையை மெல்ல இயக்கச் சொன்ன புலவர் வீணையைப் பார்த்திருந்தால் சுண்டுவிரலிடம் அதையே சொல்லியிருப்பார். ஆரம்ப மாணவர்கள் பலர் சுண்டுவிரலைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடுகிறார்கள். அது தவறு என்பது என் கருத்து. அந்த விரல் அலங்காரத்துக்கு இல்லை.

வீணையிலும் ஒரு மீட்டில் பல ஸ்வரம் உண்டு. ஒருமுறை மீட்டிவிட்டு, ஒலி தேய்வதற்குள் இடது கை தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தோ மெட்டுகளின் (ஃப்ரெட்) மேல் வழுக்கியோ அடுத்த ஸ்வரங்களைக் கொண்டுவந்துவிடும். அப்போது மீட்டு விழும் இடங்கள் பிடிலின் வில் திசை மாறும் இடங்களுக்குச் சமம். ஸ, ம, நி மூன்றை மட்டும் மீட்டி, மீதி ஐந்தையும் இடது கைக்கு விட்டால் தகிட தகிட தக தானே கேட்கும். பிடில்காரருக்குக் கிடைத்த அதே கோப்பு. 1938இல் மறைந்த வீணை தனம்மாளின் வாசிப்பில் விரலில் மாட்டும் நெளி இல்லாத வெறும் விரல், குறைந்த மீட்டு. அந்தச் சிக்கனம் ஒரு ரசனை மட்டும் இல்லை. மீட்டு குறையக் குறைய ஒவ்வொன்றின் இடத்துக்கும் பொருள் கூடுகிறது.

யூ. ஸ்ரீநிவாஸ் மாண்டலினில் செய்ததையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். ஆந்திரத்தின் பாலகொல்லில் 1969இல் பிறந்தவர், 1978இல் குடிவாடாவில் முதல் கச்சேரி, பிறகு சென்னை. அவருடைய குரு ருத்ரராஜு சுப்பராஜு மாண்டலின் வாசிப்பவர் அல்லர். அவர் பாடுவார், சிறுவன் அதைக் கருவியில் எடுப்பான். வாய்ப்பாட்டில் கார்வை உண்டு. ஜோடித் தந்தி மாண்டலினில் ஒலி சட்டென்று தேய்ந்துவிடும். அதை ஈடுகட்ட மேற்கத்திய மாண்டலின்காரர்கள் நடுக்கம் போலப் படபடவென்று மீட்டிக்கொண்டே இருப்பார்கள். ஸ்ரீநிவாஸ் ஒற்றைத் தந்திகள் ஐந்து கொண்ட மின் மாண்டலினுக்கு மாறினார். ஒலி நீண்டது, ஒரு மீட்டில் ஒரு கமகம் முழுக்க அடங்கியது. பிளெக்ட்ரம் பிடித்த கைக்கும் மீட்டாமல் இருக்கும் உரிமை கிடைத்தது. 2014இல் 45 வயதில் அவர் மறைந்தது நம் காலத்தின் பெரிய இழப்புகளில் ஒன்று. அவருடைய துரித கால ஸ்வரங்களை வியப்பவர்கள், மத்திம காலத்தில் அவர் எந்த ஸ்வரத்தை மீட்டுகிறார், எதை மீட்டாமல் விடுகிறார் என்று ஒருமுறை கவனித்துக் கேட்க வேண்டும்.

கேட்பவரின் தலைக்குள்ளும் ஒன்று நடக்கிறது. 2009இல் இஸ்த்வான் விங்க்லர், ஹென்க்யான் ஹோனிங் ஆகியோரின் குழு, பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன, தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகளுக்கு டிரம் தாளம் ஒன்றைக் கேட்கவைத்து மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தது. முக்கியமில்லாத அடியை விட்டால் மூளை பொருட்படுத்தவில்லை. முதல் தட்டை விட்டால் திடுக்கிட்டது. வராத ஒலிக்கும் மூளை இடம் வைத்திருக்கிறது என்பதே இதன் பொருள். எனவே வாசிப்பவர் தட்டை ஒலித்துக்காட்ட வேண்டியதில்லை. கேட்பவர் அதைத் தாமே போட்டுக்கொள்வார், வாசிப்பவர் அதைத் தொலைக்காதவரை. அளவும் முக்கியம். மரியா விட்டெக் குழுவின் 2014ஆம் ஆண்டு ஆய்வில், தள்ளல் சிறிதும் இல்லாத தாளமும் மிதமிஞ்சிய தாளமும் கேட்பவரை அவ்வளவாக ஆடத் தூண்டவில்லை. நடுத்தரமான தள்ளலே தூண்டியது. கச்சேரியில் கணக்கு கூடிப்போனால் ரசிகர்கள் தலையசைப்பதை விட்டு விரல்விட்டு எண்ணத் தொடங்குவதை நாமும் பார்த்திருக்கிறோம்.

பழகுவது எப்படி என்று கேட்பவர்கள் கருவியை முதலில் கீழே வைக்க வேண்டும். ஆதி தாளத்தைக் கையில் போட்டபடி, தட்டுக்கு நான்கு வீதம் தகிட தகிட தக சொல்லுங்கள். ஓர் ஆவர்த்தனத்தில் நான்கு சுற்று சரியாக அடங்கும். இரண்டாவது தகிட தட்டுக்கு முன்னால் தொடங்குவது வாய்க்கு உறுத்தாமல் போன பிறகு கருவியை எடுக்கலாம். இடது கையைத் தந்திகளின் மேல் அழுத்தாமல் கிடத்தி ஒலியை அடக்கிவிட்டு, வலது கையால் எட்டு மீட்டுகளையும் ஒரே அளவில், நிமிடத்துக்கு 50 அல்லது 60 தட்டு வேகத்தில் மீட்டுங்கள். ஸ்வரம் கேட்காததால் காது முழுவதும் காலத்தின் மேல் இருக்கும். பிறகு 1, 4, 7 மீட்டுகளை எடுப்பாக்குங்கள். அந்த மூன்றை ஓங்கி அடிப்பதைவிட மற்ற ஐந்தைத் தணிப்பது மேல். ஓங்கும் கை வீச்சை அகலமாக்கும். அகலமான வீச்சு அதே நேரத்துக்குள் முடிய வேகம் கூட வேண்டும், பழகாத கை அதைக் கூட்டாது, அடுத்த மீட்டு தாமதமாகும். அழுத்தத்துக்காகக் கையைப் பாலத்தின் பக்கம் நகர்த்துகிறவர்களும் உண்டு. பாலத்தருகே மீட்டினால் மேல்நிலை அதிர்வுகள் கூடி ஒலி கூர்மையாகும் என்பது உண்மைதான், ஆனால் நகர்ந்த கை திரும்பிவரவும் நேரம் வேண்டும். பிளெக்ட்ரத்தின் நுனி தந்திக்குள் இறங்கும் ஆழத்தைச் சற்றே கூட்டினால் போதும்.

கடைசிப் படி, அந்த ஐந்தையும் காற்றில் விடுவது. கை எட்டு முறை ஆடும், மூன்று முறை ஒலிக்கும். இங்கேதான் பலரும் இடறுவார்கள். ம ஒலித்ததும் வெற்றிக் களிப்பில் கை ஒரு கணம் நின்றுவிடும், அல்லது காற்றில் போக வேண்டிய ஐந்தாவது அசைவு, அதாவது தட்டு விழும் ப, தந்தியில் தட்டிவிடும். மெட்ரோனோமைத் தட்டின் மேல் வைக்காமல் தட்டின் பாதியில் ஒலிக்கும்படி மனத்தில் எண்ணிக்கொண்டு பழகுவது இதற்கு நல்ல மருந்து. தட்டை யாரும் சொல்லமாட்டார்கள், கைதான் வைத்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு 120ஐ எட்டும் அவசரம் வேண்டாம். ஒரு ஸ்வரத்துக்கு 100 மில்லி விநாடிக்குக் கீழே போனால் தேர்ந்த கலைஞர்களாலேயே ஒவ்வொன்றாகக் கணக்கு வைப்பது கடினம். ரீலின் 125 அந்த எல்லைக்கு அருகில்தான் இருக்கிறது.

சரளி வரிசை அலுத்தவர்கள் நோட்டுஸ்வரத்துக்குப் போகலாம். அல்லது கொல்லிக்கே போகலாம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போகிற அந்த மலையின் பெயரிலேயே தேவாரத்தில் ஒரு பண் உண்டு. திருவதிகையில் அப்பர் பாடிய முதல் பதிகம் கொல்லிப் பண்தான். ஓதுவார்கள் இன்று அதை நவரோஜ் ராகத்தில் பாடுகிறார்கள். நவரோஜ் சங்கராபரணத்தின் பிள்ளை. ஸ்காட்லாந்து ரீலுக்கும் கொல்லிப் பண்ணுக்கும் ஒரே ஸ்வரத் தொகுதி என்பது மாண்டலினில் இரண்டையும் அடுத்தடுத்து எடுத்துப் பார்த்தால் விரலுக்கே தெரியும். பதிகத்தில் துள்ளலைத் தேடவேண்டாம், அது வேறு உலகம். ஆனால் எழுத்துக்கு எழுத்து மீட்டாமல், சீருக்கு எங்கே மீட்டுவது, எங்கே விடுவது என்று முடிவெடுக்கும் பயிற்சிக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

மாற்றி மாற்றி மீட்டும் விதிக்கு ஒரு விலக்கும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் ஐரிஷ் ஜிக் வாசிப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். ஜிக் திசிர நடை. தகிட தகிட என்று மூன்று மூன்றாகவே போகும். அங்கே பலர் கீழ்-மேல்-கீழ், கீழ்-மேல்-கீழ் என்று மீட்டுகிறார்கள். ஒவ்வொரு தகிடவும் கீழ்மீட்டில் தொடங்கும், நடனக்காரரின் காலுக்கு அது உறுதி. ஆனால் இரண்டு கீழ்மீட்டுகளுக்கு நடுவே நாம் குறுக்கு வழியில் பார்த்த அதே ஓசையற்ற ஏற்றம். இங்கே அது குலைக்காததற்குக் காரணம், மூன்று ஸ்வரத்துக்கு ஒருமுறை தவறாமல் ஒரே இடத்தில் வருவதுதான். கை அதையும் தன் ஊசலில் சேர்த்துக்கொள்கிறது. இன்னும் சிலர் மூன்றையும் பொருட்படுத்தாமல் மாற்றி மாற்றியே மீட்டிப் போகிறார்கள். அவர்களுக்கு இரண்டாவது தகிட மேல்மீட்டில் தொடங்கும், வீணைக்காரருக்கு நடுவிரலில் தொடங்குவது போல. நடனத்துக்கு வாசிப்பதானால் நான் முதல் வழியின் பக்கம். திசிரத்தில் துரித காலம் போவதானால் இரண்டாவதைத் தவிர வேறு வழியில்லை, நடுவிரலுக்கும் மேல்மீட்டுக்கும் தனியாகச் சோறு போட்டு வளர்த்தே ஆக வேண்டும்.